‘தாய்வீட்டில் நலம்’ என்று நான் எழுதிய குழந்தை

மாத அறிக்கையில் ‘சிசு மரணம்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போடும்போது உங்களுக்குச் சந்தோஷம் வருகிறதா? எனக்கு வந்தது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைவிடப் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று எழுத உட்கார்ந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தை இழுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

எழுபதுகளில் மலேரியாப் பணியாளராக வேலைக்கு வந்தேன். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். மாதத்துக்கு இத்தனை ரத்தத் துண்டு என்று மேலே இருந்து கேட்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், அஞ்செட்டி மலை ஊர்களில் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து தன் விரலையே குத்தி, இருபது வீட்டுக்காரர்கள் பெயரில் ரத்தம் எடுத்துவிட்டார். அவருக்கே மலேரியா இருந்திருக்கிறது. முடிவு வந்தபோது அந்த ஊரில் இருபது வீட்டிலும் மலேரியா. மாத்திரையோடு ஒரு ஜீப்பே மலையேறிப் போனது.

இதைச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தோம். பொய் எழுதுகிறவர்கள் அவரைப் போல மரத்தடியில் உட்காருகிறவர்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நடந்து, வாசலில் நின்று, வாயால் கேட்டு எழுதுகிறவனும் பொய் எழுதலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு எங்களையெல்லாம் பல்நோக்குப் பணியாளர் ஆக்கினார்கள். மலேரியாவோடு பிறப்பு, இறப்பு, தடுப்பூசி எல்லாம் எங்கள் தலையில் வந்தது. ஜனங்களுக்கு மட்டும் நான் கடைசிவரை ‘மலேரியா பாய்’தான். ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். மத்திகிரிப் பக்கம் வரிசை வரிசையாக வாடகை லைன் வீடுகள். ஒரு லைனில் தமிழ், அடுத்த லைனில் தெலுங்கு, குழாயடியில் கன்னடம். எங்கள் நர்சம்மாவுக்கு இரண்டு பகுதி சேர்த்துக் கொடுத்திருந்ததால், அந்த லைன்களில் கர்ப்பிணிகள் பதிவேட்டையும் நானே தூக்கிக்கொண்டு போவேன். பிரசவம் முடிந்ததும் தாய் எப்படி, பிள்ளை எப்படி என்று கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல். லைன் வீட்டுப் பெண்கள் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாதிப் பேருக்குத் தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். டவுன் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் என் பதிவேட்டுக்கு அது வேறு உலகம். ‘தாய்வீடு சென்றார்’ என்று எழுதி மூடிவிடுவோம்.

ரத்னம்மாவையும் அப்படித்தான் மூடினேன். அவள் கணவன் மாதேஷ் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்காரன், தாய் இல்லாதவன். இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று, முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதமே அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். ஊரின் பெயர் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு நர்சம்மா போடும் ஊசி அவளுக்கு எட்டவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் லைனுக்குப் போகிறேன், ரத்னம்மா வாசலில் நிற்கிறாள். மாதேஷ் பக்கத்தில் நிற்கிறான்.

எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும், “ஏய், மலேரியா பாய் வந்துட்டாரு, வெரல ஒளிச்சிக்கோங்கடி!” என்று கத்தினாள். லைனே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். ரத்னம்மா கையில் குழந்தை இல்லை. அந்த லைன்களில் அது புதுசும் இல்லை. புருஷன் ஷிப்டு, பெண்டாட்டி பேக்கிங் வேலை என்று போகும் வீடுகளில், குழந்தையை ஒரு வருஷம் தாய்வீட்டில் விட்டுவைப்பது வழக்கம்.

“என்னம்மா, கொழந்தய அம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “ஆமா பாய்” என்றாள்.

‘தாய்வீட்டில் நலம்’ என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த மாதம் என் பகுதியில் சிசு மரணம் பூஜ்யம். அந்த வருஷம் முழுக்கவே பூஜ்யம். மாதக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். எட்டாவது படித்தவனுக்குக் கைதட்டு கிடைத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் ரத்னம்மா மறுபடி கர்ப்பம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் வளையல்கார அக்காவைப் பார்த்தேன். எங்கள் ஜமாத்துக்காரர், தோளில் வளையல் சரத்தோடு எல்லைக்கு இரண்டு பக்கமும் நடந்து வியாபாரம் பண்ணுகிறவர். வளைகாப்புக்கு வளையல் போடுவார். பிறகு குழந்தைக்குக் கறுப்பு வளையல் விற்கப் போவார்.

“என்னா தம்பி, வெரலு குத்தற வேலையெல்லாம் எப்படிப் போவுது?” என்றார். பேச்சு வாக்கில், “வெள்ளிக்கெழம ரத்னம்மாவ அவுங்க அம்மா வந்து கூட்டினு போவுது. ரெண்டாவதுக்கும் வளையல் போடணுமாம். மொதலுதான் தங்கலையே, பாவம்” என்றார்.

“மொதலு அவங்க அம்மாகிட்ட இருக்குதேக்கா.”

“யாரு சொன்னது?”

“அவளே சொன்னாக்கா.”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அந்த ஊருக்கு நான் கறுப்பு வளையலே எடுத்துனு போறதில்ல தம்பி. வளகாப்பு வளையலுதான் போவும் அங்க.”

பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். அடுத்தடுத்து வந்த பஸ்களை விட்டுவிட்டு நான் அங்கேயே நின்றேன். அந்த ஊருக்குப் போன பெண்கள் வேறு யார் யார், என் கையால் ‘தாய்வீடு சென்றார்’ என்று எழுதியது எத்தனை பேரை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அவள் போகிறாள்.

லைனுக்கு நடந்தேன். ரத்னம்மா தனியாக இருந்தாள், அரிசி களைந்துகொண்டிருந்தாள். பதிவேட்டைத் திறக்கவில்லை. “மொதல் கொழந்தைக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“நீங்கதான எழுதிகினு போனீங்க, அம்மாகிட்ட இருக்குதுன்னு.”

“நான் எழுதுனது தப்பும்மா.”

களைந்த தண்ணீரை ஊற்றினாள். பிறகு, “விட்டுட்டு வந்துட்டியான்னு நீங்கதான் கேட்டீங்க. பக்கத்துல அவரு நின்னாரு. எதிர்ல லைனே நின்னு சிரிச்சினு இருந்துச்சு. நான் வேற என்னா சொல்றது பாய்?” என்றாள்.

பெண் குழந்தை. பிறந்தபோது நன்றாக அழுதிருக்கிறது, பால் குடித்திருக்கிறது. ஆறாம் நாள் வாய் திறக்கவில்லை. தொட்டால், சத்தம் கேட்டால், உடம்பு வில் மாதிரி வளைந்திருக்கிறது. எட்டாம் நாள் போய்விட்டது. “எங்கூர்ல அத எட்டாம் நாள் காத்துன்னுவாங்க. அந்தக் காத்து தாண்டுனாத்தான் பேரு வெப்பாங்க. பேரு வெக்காததுக்கு யாரும் எழவு எடுக்க மாட்டாங்க.”

எனக்கு அது காற்று இல்லை என்று தெரியும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். தொப்புள் கொடியை அறுத்த அரிவாளில் இருந்து வருவது. தாய்க்குக் கர்ப்பத்தில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால் வராது. நர்சம்மா இந்த முறையும் இன்னும் அந்த லைனுக்கு வந்திருக்கவில்லை. ஒரு ஊசியை இங்கே போட்டு அனுப்பிவிடலாம். இரண்டாவது ஊசி? அது விழ வேண்டிய நாளில் அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பாள்.

“இங்கயே பெத்துக்கயேன்மா” என்று கெஞ்சினேன்.

“யாரு பாப்பாங்க? நீங்க வந்து சுடுதண்ணி வெப்பீங்களா?” என்றாள். அதில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம்.

மறுநாள் காலையில் நர்சம்மா வந்து முதல் ஊசியைப் போட்டார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். முதலில் பார்த்தது புள்ளிவிவரம் பார்க்கும் சாரை. பட்டதாரி, கெட்டவர் இல்லை, கூட்டல் பிழை வராத மனிதர். மறுநாள் வியாழக்கிழமை தருமபுரியில் மாவட்டக் கூட்டம். அதற்கான தாள்களை விரித்து வைத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஏன் பாய், சாவு எங்க நடந்தது?”

“அந்தப் பக்கம் சார்.”

“நடந்த எடத்துலதான் பதிவு. அதான் சட்டம். அது அவங்க ஸ்டேட்டு சாவு. நீங்க ஏன் அதை இந்தப் பக்கம் தூக்கிட்டு வர்றீங்க? நாளைக்கு நம்ம பேரு லிஸ்டுல மேல இருக்குது. உங்களாலதான் இருக்குது.”

அவர் சொன்ன சட்டம் சரி. படித்தவர் சொன்னால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். கதவு வரைக்கும் வந்துவிட்டேன். திரும்பிப் போனேன்.

“சாவு அங்க நடந்தது சார். ஆனா நலம்னு நான் எழுதுனது இங்கதான?”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா அறையைக் கைகாட்டினார்.

டாக்டரம்மா வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முழுதும் கேட்டார். “அந்தப் பக்கத்து நர்சுக்கு ஒரு லெட்டர் எழுதினா ரெண்டாவது ஊசியை அவங்க போடலாம். ஆனா என்னன்னு எழுதறது? வளையல்காரம்மா சொன்னாங்கன்னா? எனக்கு ஒரு பதிவு வேணும் பாய்.”

“பதிவுன்னா?”

“சிசு மரணம், ரணஜன்னி சந்தேகம்னு நம்ம ரெஜிஸ்டர்ல ஒரு வரி. அது இருந்தா நான் எழுதலாம்.” நான் கொண்டுபோன பதிவேட்டைத் திறந்தார். “எழுதினீங்கன்னா பொய்ப் பதிவுக்கு உங்களுக்கு மெமோ வரும். பார்க்காம கையெழுத்துப் போட்டதுக்கு எனக்கும் வரும்.”

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். சிவப்பு மைப் பேனாவையும் வைத்தார். கொடுக்கவில்லை, வைத்தார்.

அந்தப் பேனாவை நான் உடனே எடுத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். எடுக்கவில்லை. வேலை போனால் எட்டாவது படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று யோசித்தேன். கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை எழுதலாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமைக்கு ஒரு காரணம் கிடைத்தால் அடுத்த மாதத்துக்கும் கிடைக்கும் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும். அதனால்தான் எடுத்தேன். தைரியத்தால் இல்லை. ‘தாய்வீட்டில் நலம்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். கீழே இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு. பக்கத்தில், ‘பெண். எட்டாம் நாள் இறப்பு. ரணஜன்னி சந்தேகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமை ரத்னம்மா போனாள். சனிக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

அந்தப் பக்கத்து நர்சம்மாவும் நம் நர்சம்மாவைப் போலத்தான். ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் வேலை. தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். கடிதத்தைப் படித்ததும் அலமாரியிலிருந்து தன் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

“இவள் பேரே நம்ம புக்ல இல்ல. கல்யாணம் ஆகி உங்க ஊருக்குப் போயிட்டா. உங்க ஊரு ஜனம்னு நாங்க விட்டுட்டோம்.”

“நாங்க உங்க ஊருல இருக்குதுன்னு விட்டுட்டோம்மா.”

“ஹௌதா?” என்றார். அப்படியா என்று கேட்கிற வார்த்தை. அவர் சுவரில் வருஷ அறிக்கை ஒட்டியிருந்தது. சிசு மரணக் கட்டத்தில் பூஜ்யம். எட்டு நாள் உயிரோடு இருந்த குழந்தை, நான் கோடு இழுக்கும்வரை இரண்டு மாநிலத்திலும் இல்லை.

“ஊசி நான் ஹாக்தீனி, போடறேன்” என்றார் கடைசியில். “புது பிளேடும் கொடுத்துட்டு வர்றேன். ஆனா அந்த நேரத்துல பிரசவம் பாக்கற அம்மா கை எதுக்குப் போகுதோ, அத நான் புடிக்க முடியாது பாய்.”

அந்தக் கடைசி வாக்கியத்தோடு நான் இரண்டு மாதத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினேன். இரண்டாவது ஊசி போட்டார்களா? தெரியாது. நர்சம்மா மாற்றலாகிவிட்டால்? மழையில் பஸ் நின்றுவிட்டால்? இன்னொரு முறை போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. மெமோ வந்திருந்தது, என் பகுதியை விட்டு நகரக் கூடாது என்று வாய்மொழி உத்தரவும் வந்திருந்தது. புள்ளிவிவர சார் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நாள் நெருங்கியதும் தினமும் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். முதல் ஷிப்டு விடும் நேரத்துக்கு மாதேஷ் வெளியே வருவான். ஒருநாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

“பொறந்துருச்சு பாய்! பையன். நேத்து போயி பாத்துட்டு வந்தேன், நாலு நாளு ஆச்சு. நல்லாக்கிறான்.”

“பால் குடிக்குதா?”

“குடிக்கிறான் பாய்.”

“வாய் நல்லாத் தெறக்குதா?”

அவன் முகம் மாறியது. “ஏன் பாய் இப்படி கேக்கறீங்க? இன்னும் நாலு நாளு கெடக்குதுன்னு நானே பயந்துனுகிறேன்.”

அவன் சந்தோஷத்தை நான் கெடுத்துவிட்டேன். ஊசி போட்டார்களா என்று கேட்டேன். ஒரு நர்சம்மா வந்துவிட்டுப் போனதாக மாமியார் சொன்னாள், எதற்கு என்று கேட்கவில்லை என்றான். அடுத்த நாலு நாளும் அவனுக்கு ஷிப்டு. சேதி சொல்ல ஆள் இல்லை. ஆறாம் நாள் நான் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் பதிவேட்டில் ஒரே வீட்டை இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஒன்பதாம் நாளும் சேதி இல்லை. வாரவிடுமுறைக்குப் போன மாதேஷ் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தான். தூரத்திலேயே சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான். நான் அங்கேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பழைய பதிவேடுகளை எடுத்து, ‘தாய்வீடு சென்றார்’ என்று மூடின ஒவ்வொரு பெயரையும் தேடிப் போனேன். சிலர் சொன்னார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். வாடகை வீடு அல்லவா, பாதிப் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அந்தப் பெயர்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அந்த வருஷம் என் பகுதியின் சிசு மரணக் கட்டம் பூஜ்யமாக இல்லை. எங்கள் நிலையம் பட்டியலில் கீழே போனது. கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், “என்ன, திடீர்னு கொழந்தைங்க சாக ஆரம்பிச்சிடுச்சா உங்க ஏரியாவுல?” என்று கேட்டார். டாக்டரம்மா எழுந்து, “சாவு கூடல சார். நாங்க கேக்க ஆரம்பிச்சிருக்கோம்” என்றார். அன்று யாரும் கை தட்டவில்லை.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ரத்னம்மா திரும்பி வந்தாள். தடுப்பூசிக்காகக் குழந்தைகள் பதிவேட்டில் பையனைச் சேர்க்க லைனுக்குப் போனேன். மாலை நேரம், எல்லா வாசலிலும் ஆட்கள். பையன் மாதேஷ் தோளில் உட்கார்ந்து அவன் காதை இழுத்துக்கொண்டிருந்தான். பெயர் எழுதினேன், பிறந்த தேதி எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன்.

“எத்தனையாவது கொழந்த?” என்று கேட்டேன்.

மாதேஷ் அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மொதலுன்னே போடுங்க பாய். போனத எதுக்கு எழுதினு” என்றான்.

ரத்னம்மா உள்ளே இருந்து வெளியே வந்தாள். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ரெண்டாவது பாய். மொதலு பொண்ணு. எட்டு நாளு இருந்துச்சு.”

எதிர்வீட்டுப் பெண் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். நான் இரண்டு என்று எழுதினேன். ரத்னம்மா என் பக்கத்தில் வந்து, அந்த எழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பையனைத் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.